ஐரோப்பிய மகளிர் ஹேண்ட்பால் கோப்பை: ஒரு சீசனை முதல் சுற்றிலிருந்து இறுதி வரை பின்தொடர்வது எப்படி?

இந்த விளையாட்டைத் தமிழில் தேடத் தொடங்குபவருக்கு முதல் தடை அதன் பெயரிலேயே வந்து நிற்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் செய்தித்தாள்களிலும் ‘கைப்பந்து’ என்றால் பெரும்பாலும் வாலிபாலையே குறிக்கும். இலங்கையில் அதே வாலிபாலுக்குக் கரப்பந்து என்று பெயர். ‘எறிபந்து’ என்பது வலைக்கு மேலாகப் பந்தை வீசி ஆடும் த்ரோபால். நாம் இங்கே பேசப்போவது இவை மூன்றும் அல்ல. உள்ளரங்கில், அணிக்கு 7 பேர், பந்தைக் கையால் தட்டியும் வீசியும் எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் அது. குழப்பம் வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை முழுவதிலும் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். இணையத்தில் தேடும்போது நீங்களும் அப்படியே தேடுவது நல்லது.

விதிகளை மட்டும் படித்து ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்வது கடினம். ஒரு போட்டியை எடுத்துக்கொண்டு, அதில் ஓர் அணியைத் தேர்ந்து, அக்டோபரிலிருந்து மே வரை அந்த அணியோடு நடந்து செல்வதே எளிய வழி. அதற்கு மாதிரியாக 2024–25ஆம் ஆண்டின் மகளிர் ஐரோப்பியக் கோப்பையையும், அதை வென்ற ஐஸ்லாந்தின் வாலுர் அணியையும் எடுத்துக்கொள்கிறேன். அந்த சீசன் முடிந்துவிட்டது என்பதே கற்பவருக்கு வசதி: முடிவு தெரிந்த ஒன்றை வைத்து முறையைப் பழகிக்கொண்டால், நடக்கும் சீசனில் தடுமாற்றம் இருக்காது.

எந்தக் கோப்பை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு 1991இல் பெர்லினில் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் வியன்னாவில் உள்ளது. மகளிர் கிளப் அணிகளுக்காக அது இப்போது மூன்று நிலைகளில் போட்டிகளை நடத்துகிறது. உச்சியில் இருப்பது சாம்பியன்ஸ் லீக். அதில் அணிகள் இரு பிரிவுகளாக மாதக்கணக்கில் ஆடி, கடைசி நான்கு அணிகள் புடாபெஸ்ட்டில் ஒரே வார இறுதியில் மோதுகின்றன. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹங்கேரியின் கியோர் அணி அதை வென்றது. இரண்டாவது நிலை ஐரோப்பிய லீக். மூன்றாவது நிலைதான் நாம் பின்தொடரப்போகும் ஐரோப்பியக் கோப்பை. இது 1993–94இல் சிட்டி கோப்பையாகத் தொடங்கி, 2000இல் சேலஞ்ச் கோப்பையாகி, 2020இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பழைய பட்டியல்களைப் புரட்டும்போது இம்மூன்று பெயர்களும் ஒரே போட்டியின் பெயர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல, 1993க்கு முந்தைய குறிப்புகளில் வரும் ஐரோப்பிய சாம்பியன்கள் கோப்பை என்பது இன்றைய சாம்பியன்ஸ் லீகின் முன்னோடி. அதற்கும் நமது கோப்பைக்கும் தொடர்பில்லை.

மூன்றாம் நிலைப் போட்டியைப் புதியவருக்குப் பரிந்துரைப்பது ஏன் என்று கேட்கலாம். லீக் பிரிவு எதுவும் இல்லாமல், தொடக்கத்திலிருந்தே நாக்-அவுட் முறையில் நடப்பது இந்தப் போட்டிதான் என்பது முதல் காரணம். புள்ளிப் பட்டியல் பார்க்க வேண்டியதில்லை; தோற்றால் வெளியே, வென்றால் அடுத்த சுற்று. இரண்டாவது காரணம் என் மனத்துக்கு நெருக்கமானது. பெரும் பணம் உள்ள அணிகள் மேல் இரண்டு நிலைகளுக்குப் போய்விடுவதால், சிறு நகரங்களின் அணிகளுக்கும், 4 லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து போன்ற நாடுகளின் அணிகளுக்கும் ஐரோப்பியப் பட்டம் என்பது இங்கே எட்டக்கூடிய கனவாக இருக்கிறது. அந்தக் கனவுக்காக அவர்கள் ஆடும் ஆட்டம் பார்ப்பவரையும் பற்றிக்கொள்ளும்.

பார்ப்பதற்குத் தேவையான விதிகள் மட்டும்

அரங்கத்தின் தளம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோலைச் சுற்றி 6 மீட்டர் தொலைவில் வளைந்து செல்லும் கோட்டுக்கு உட்பட்ட பகுதியில் கோல்காப்பாளரைத் தவிர வேறு யாரும் தரையில் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, காற்றில் இருக்கும்போதே பந்தை எறியலாம். வீராங்கனைகள் பறந்து வந்து விழுவது போலத் தோன்றுவதற்கு இந்த விதியே காரணம். ஆட்டம் 30 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடக்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காலடிகளுக்கு மேல் எடுத்து வைக்கவோ மூன்று விநாடிக்கு மேல் நிற்கவோ முடியாது. மகளிர் ஆட்டத்துக்கான பந்தின் சுற்றளவு 54 முதல் 56 சென்டிமீட்டர். பிடி நழுவாமல் இருக்க விரல்களில் பிசின் தடவிக்கொள்வது வழக்கம்.

தவறுக்கான தண்டனைகளில் அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு நிமிட வெளியேற்றம். அந்த இரண்டு நிமிடங்களும் அணி ஒருவர் குறைவாகவே ஆட வேண்டும். ஒரே வீராங்கனை மூன்றாவது முறை வெளியேற்றப்பட்டால் சிவப்பு அட்டைதான். தெளிவான கோல் வாய்ப்பு ஒன்று முறைகேடாகத் தடுக்கப்பட்டால் 7 மீட்டர் தொலைவிலிருந்து கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொள்ளும் எறிதல் கிடைக்கும். நடுவர் ஒரு கையை மேலே தூக்கி நின்றால், தாக்கும் அணி வேண்டுமென்றே நேரம் கடத்துகிறது என்று பொருள். அதற்குப் பின் அதிகபட்சம் நான்கு பாஸ்களுக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். 2022க்கு முன் இது ஆறு பாஸ்களாக இருந்தது. கடைசி நிமிடங்களைப் பார்க்கும்போது இந்த ஒரு சைகையை அறிந்திருப்பது பெரிதும் உதவும்.

தொலைக்காட்சியில் திடீரென ஒரு கோல் காலியாக இருப்பதைக் கண்டால் திகைக்க வேண்டாம். கோல்காப்பாளரை வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாக ஏழாவது தாக்குபவரை இறக்குவதற்கு விதி அனுமதிக்கிறது. இரண்டு நிமிட வெளியேற்றத்தால் ஆள் குறைந்த அணி தாக்கும்போது எண்ணிக்கையைச் சரிசெய்யவும் இதே வழியைக் கையாளும். பந்து பறிபோனால் எதிரணி தன் பாதியிலிருந்தே காலிக் கோலுக்குள் எறிந்துவிடும் என்பது அதன் விலை.

நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கோடையில் வியன்னாவில் நடக்கும் குலுக்கலுடன் சீசன் தொடங்குகிறது. 2024–25இல் வாலுர் நுழைந்தது அக்டோபரில் நடந்த இரண்டாம் சுற்றில். நவம்பரில் மூன்றாம் சுற்று. அதில் 32 அணிகள். அதைத் தாண்டிய 16 அணிகள் ஜனவரியில் மோதின. காலிறுதி பிப்ரவரியில், அரையிறுதி மார்ச் இறுதியில், இறுதிப் போட்டி மே மாதத்தில். ஒவ்வொரு சுற்றிலும் எதிரணியுடன் இரு ஆட்டங்கள் என்பதால், இரண்டாம் சுற்றில் தொடங்கும் அணி கோப்பையைத் தொட 12 ஆட்டங்களைக் கடந்தாக வேண்டும்.

டிசம்பரிலும் ஏப்ரலிலும் எதுவும் நடக்கவில்லையே என்று புதியவர்கள் கவலைப்படுவதுண்டு. அந்த மாதங்களில் வீராங்கனைகள் ஓய்வெடுக்கவில்லை. தேசிய அணிகளுக்குப் போய்விடுகிறார்கள். 2024 நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் 15 வரை ஆஸ்திரியா, ஹங்கேரி, சுவிட்சர்லாந்து நாடுகளில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது, நார்வே வென்றது. ஏப்ரலில் அந்த ஆண்டின் உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் வந்தன. வாலுரின் பல வீராங்கனைகள் ஐஸ்லாந்து அணிக்கும் ஆடுபவர்கள் என்பதால், ஜனவரி ஆட்டத்தை மதிப்பிடும்போது டிசம்பரில் யார் எவ்வளவு ஆடினார்கள் என்று திரும்பிப் பார்ப்பது பயன் தரும். நாட்காட்டியில் இந்த இரு இடைவெளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களில் ஏமாறாதீர்கள்

விளம்பரதாரரின் பெயர் அணியின் பெயரோடு ஒட்டிக்கொள்வதும், ஒப்பந்தம் முடிந்ததும் உதிர்ந்துவிடுவதும் இங்கே சாதாரணம். 2021இல் இந்தக் கோப்பையை வென்ற ஸ்பெயினின் ரின்கோன் ஃபெர்திலிதாத் மாலாகாவும், 2025 ஜனவரியில் வாலுரை எதிர்கொண்ட கோஸ்டா டெல் சோல் மாலாகாவும் ஒரே கிளப். அதே நாட்டின் பொர்ரின்யோ அணியின் முழுப் பெயரில் மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றும் மருந்து நிறுவனம் ஒன்றும் முன்னால் நிற்கின்றன. ஆகவே நீண்ட பெயரில் ஊரை மட்டும் தேடிப் பிடியுங்கள், ஊர் மாறுவதில்லை.

ஐஸ்லாந்து அணியின் பட்டியலைப் பார்த்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கும். ஏறக்குறைய எல்லாப் பெயர்களும் ‘டோட்டிர்’ என்று முடிவதைக் கண்டு, அனைவரும் ஒரே குடும்பத்தினரோ என்று எண்ணத் தோன்றும். அந்தச் சொல்லுக்கு ‘மகள்’ என்றே பொருள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு, சில சமயம் தாயின் பெயரோடு, மகன் அல்லது மகள் என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இது புரிவதில் சிரமமே இல்லை. வாலுரின் கோல்காப்பாளர் ஹாஃப்திஸ் ரெனோட்டுடோட்டிர் என்றால் ரெனாட்டாவின் மகள் ஹாஃப்திஸ். ஆட்டத்தை நடுவிலிருந்து நடத்திய எலின் ரோசா மக்னுஸ்டோட்டிர், மக்னுஸின் மகள். அவர்களைக் குறிப்பிடும்போது முதற்பெயரால் குறிப்பிடுவதே அங்கும் மரியாதையான வழக்கம்.

இரண்டு ஆட்டங்களை ஒரே ஆட்டமாகப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் அது இதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிகள் இரு முறை மோதுகின்றன. வழக்கமாக ஒன்று இவர் அரங்கில், மற்றொன்று அவர் அரங்கில். இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி, அதிகம் எடுத்தவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். முதல் ஆட்டத்தை வென்றதற்குத் தனியே பரிசு எதுவும் இல்லை. 60 நிமிடங்களில் இடைவேளை விட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் தொடரும் 120 நிமிட ஆட்டமாக இதை மனத்தில் வரைந்துகொண்டால், புரியாத பல காரியங்கள் தாமாகப் புரிந்துவிடும்.

2025 மார்ச் அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். ஸ்லோவாக்கியாவின் மிஹலோவ்ட்சே நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் வாலுர் 23–25 என்று தோற்றது. மறுநாள் தலைப்பை மட்டும் படித்தவருக்கு அது தோல்விச் செய்தி. ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது: வெளியூரில் ஆடி, இரண்டே கோல் பின்தங்கி, சொந்த அரங்குக்குத் திரும்புகிறது அந்த அணி. ஹேண்ட்பாலில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு கோல் விழுகிறது என்பதால் இரண்டு கோல் இடைவெளி என்பது நான்கைந்து நிமிட வேலை. இரண்டாவது ஆட்டம் ரெய்க்யாவிக்கில் நடந்தது. வாலுர் 30–20 என்று வென்றது. கூட்டினால் 53–45. முதல் ஆட்டத்தில் 23–29 என்று சரிந்திருந்தால் மறு ஆட்டம் எவ்வளவு பதற்றத்துடன் தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான், முதல் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் தோற்றுக்கொண்டிருக்கும் அணியும் ஒவ்வொரு கோலுக்கும் உயிரைக் கொடுத்து ஆடுகிறது; வென்றுகொண்டிருக்கும் அணியும் மூன்று கோல் முன்னிலையில் திருப்தி அடைந்து நிற்பதில்லை.

இதைப் பழகுவதற்கு ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் போடுங்கள்: முதல் ஆட்டத்தின் இரு பாதிகள், இரண்டாம் ஆட்டத்தின் இரு பாதிகள். ஒவ்வொரு பாதி முடிவிலும் அதுவரையிலான மொத்தக் கோல்களை எழுதுங்கள். இரண்டாம் ஆட்டம் நடக்கும்போது திரையில் தெரியும் எண்ணிக்கை அந்த ஆட்டத்துக்கு மட்டுமே உரியது என்பதால், முந்தைய வாரத்தின் வித்தியாசத்தை அதோடு கூட்டிப் பார்க்கும் வேலை உங்களுடையது. இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பிறகு தாள் தேவைப்படாது.

மொத்தமும் சமமாக இருந்தால் என்ன செய்வார்கள்? முன்பு வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கு வெற்றி என்ற விதி இருந்தது. இப்போது அது நீக்கப்பட்டுவிட்டது, பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூடுதல் நேரம் இல்லாமல் நேராக 7 மீட்டர் எறிதல்களுக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆடவர் போட்டியிலிருந்து கிடைக்கிறது, அதுவும் வாலுர் கிளப்பிலிருந்தே. 2024 மே மாத இறுதிப் போட்டியில் வாலுரின் ஆடவர் அணி கிரீஸின் ஒலிம்பியாகோஸ் அணியை சொந்த அரங்கில் 30–26 என்று வென்று, கிரீஸில் 27–31 என்று தோற்றது. மொத்தம் 57–57. எறிதல்களில் 5–4 என்று வென்று கோப்பையை எடுத்து வந்தது. அடுத்த ஆண்டே அதே கிளப்பின் மகளிர் அணி இறுதிக்கு வந்தபோது, இந்தக் கணக்கின் கூர்மையை அங்குள்ள யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு விவரம். இரு கிளப்புகளும் ஒப்புக்கொண்டால், இரண்டு ஆட்டங்களையும் ஒரே அரங்கில், ஒரே வார இறுதியில் ஆடி முடித்துவிடலாம். விமானச் செலவைத் தாங்க முடியாத சிறிய கிளப்புகள் தொடக்கச் சுற்றுகளில் இந்த வழியை நாடுகின்றன. அப்போது சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அடுத்தடுத்து ஆட வேண்டியிருப்பதால், உட்கார்ந்திருக்கும் மாற்று வீராங்கனைகளின் தரம் முடிவைத் தீர்மானிக்கும். ஆட்டம் எந்த நகரில் நடக்கிறது என்பதை எப்போதும் சரிபாருங்கள். அட்டவணையில் முதலில் எழுதப்பட்ட பெயர் மட்டும் போதாது.

நேரமும் ஒளிபரப்பும்

கூட்டமைப்புக்கு ஈஹெச்எஃப் டிவி என்ற சொந்த இணைய ஒளிபரப்புத் தளம் இருக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள். தொடக்கச் சுற்றுகளில் சொந்த அரங்கில் ஆடும் கிளப்பே தன் பக்கத்தில் நேரலை தருவதும் உண்டு, எனவே உங்கள் அணியின் சமூக ஊடகப் பக்கத்தை ஆட்டத்துக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். ஐஸ்லாந்து ஆண்டு முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ரெய்க்யாவிக்கில் பிற்பகல் 3 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் எப்போதும் இரவு 8.30. ஸ்பெயின், ஸ்லோவாக்கியா, செக் குடியரசு ஆகியவை மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட மூன்றரை மணி நேரமும், மற்ற மாதங்களில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். அரையிறுதிகள் சரியாக அந்த மாற்றத்தை ஒட்டி வருவதால், மார்ச் இறுதியில் மட்டும் இருமுறை கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இறுதிப் போட்டியை எப்படிப் பார்ப்பது

வாலுர் கடந்து வந்த பாதை இது: லித்துவேனியாவின் ஜல்கிரிஸ் கௌனாஸ், ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட், ஸ்பெயினின் மாலாகா, செக் குடியரசின் ஸ்லாவியா பிராக், ஸ்லோவாக்கியாவின் மிஹலோவ்ட்சே. இறுதியில் எதிரே நின்றது பொர்ரின்யோ, ஸ்பெயினின் வடமேற்கில் வீகோ நகருக்கு அருகிலுள்ள சிற்றூரின் அணி. மே 10 அன்று பொர்ரின்யோவில் நடந்த முதல் ஆட்டம் 29–29 என்று முடிந்தது. முதல் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரமோ எறிதலோ கிடையாது. எண்ணிக்கை அப்படியே அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஆகவே மே 17 அன்று ரெய்க்யாவிக்கின் ஹ்லீதாரெந்தி பகுதியில் உள்ள வாலுரின் அரங்கில் இரு அணிகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்கின என்றே கொள்ளலாம்.

இத்தகைய ஆட்டத்தில் கோல் போடுபவரையே பார்த்துக்கொண்டிருப்பது இயல்பு. ஆனால் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கோல்காப்பாளரின் கணக்கைப் பாருங்கள். தடுத்த எறிதல்களை, தடுத்தவையும் கோலானவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் அவரது விகிதம் கிடைக்கும். 12ஐத் தடுத்து 24ஐ விட்டவருக்கு 33 சதவீதம். ஹேண்ட்பாலில் 30ஐத் தாண்டினாலே நல்ல நாள், 40ஐத் தொட்டால் அந்த ஆட்டம் அவருடையது. கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்கள் குறைவாகத் தோன்றலாம். ஆறேழு மீட்டரிலிருந்து, கைகளை விரித்து நிற்கும் உடம்பு ஒன்றை நோக்கிப் பந்து வரும் வேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

அடுத்து, பயிற்சியாளர்களின் நேர இடைவேளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஆட்டம் முழுவதற்கும் மூன்று. ஒரு பாதியில் இரண்டுக்கு மேல் கூடாது. கடைசி ஐந்து நிமிடங்களில் ஒன்று மட்டுமே. எதிரணி தொடர்ந்து மூன்று நான்கு கோல்கள் போட்டதும் ஒரு பயிற்சியாளர் அட்டையுடன் மேசையை நோக்கி நடந்தால், அவர் அந்த ஓட்டத்தை அறுக்க முயல்கிறார். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கடைசித் தாக்குதலைத் திட்டமிட அதைச் சேமிக்கிறார். வாலுரை நடத்திய அகுஸ்ட் யோஹான்சன் போன்ற அனுபவசாலிகளின் மனத்தை இந்த ஒரு முடிவிலிருந்தே ஓரளவு படித்துவிடலாம்.

கடைசி 30 விநாடிகளுக்கென்று தனி விதியும் உண்டு. ஆட்டத்தின் அந்த இறுதித் துளிகளில் எதிரணியின் கோல் வாய்ப்பைத் தடுக்க, சிவப்பு அட்டைக்குரிய கடுமையான தவறு செய்தாலோ பந்து எறிதலை வேண்டுமென்றே தாமதப்படுத்தினாலோ, தவறு செய்தவருக்குச் சிவப்பு அட்டையும் எதிரணிக்கு 7 மீட்டர் எறிதலும் விதிக்கப்படும். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி அந்த அரை நிமிடத்தில் கையை நீட்டுவதற்கே தயங்குவதைக் கவனியுங்கள்.

வாலுர் அந்த ஆட்டத்தை 25–24 என்று வென்றது. இரு ஆட்டங்களையும் கூட்டினால் 54–53. 120 நிமிடங்களில் விழுந்த 107 கோல்களில், கோப்பையைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று. ஐரோப்பியப் பட்டம் ஒன்றை ஐஸ்லாந்தின் மகளிர் கிளப் அணி வென்றது அதுவே முதல் முறை.

நீங்கள் தாளில் வரைந்த நான்கு கட்டங்களில் இந்த எண்களை நிரப்பிப் பார்த்த பிறகு, ஜூலையில் வரும் புதிய குலுக்கலின் பட்டியலைத் திறந்து, பெயர் பிடித்த ஏதேனும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அதன் முதல் ஆட்டத்தின் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.